பினாங்கில் பொறியியல் தொழில்நுட்ப டிப்ளோமா: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில், ஐந்தாம் படிவத்தை முடித்த பிள்ளை உள்ள வீடுகளுக்குக் கல்லூரிகளின் அழைப்புகள் ஓயாமல் வருகின்றன. நவீன ஆய்வுக்கூடம் இருக்கிறது என்றும், படித்து முடித்தவுடன் வேலை உறுதி என்றும், முதலில் பதிவு செய்வோருக்குக் கட்டணக் கழிவு உண்டு என்றும் எல்லாக் கல்லூரிகளும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கின்றன. இவற்றில் எது உண்மை, எது விற்பனைப் பேச்சு என்று பிரித்தறியக் குடும்பத்துக்குக் கிடைக்கும் காலமோ மிகக் குறைவு. பினாங்குத் தீவிலும் அதன் எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையிலும் வாழ்ந்துகொண்டு, பொறியியல் தொழில்நுட்பத் துறையில் டிப்ளோமா படிக்க விரும்பும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அமெரிக்காவில் அசோசியேட் பட்டம் என்று வழங்கும் ஈராண்டுப் படிப்புக்கு நம் நாட்டில் ஏறக்குறைய இணையாக நிற்பது இந்த டிப்ளோமாவே.

கல்லூரியின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே என்ன படிக்கலாம் என்று பிறகு பார்ப்பதுதான் நம்மில் பலரின் வழக்கம். வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. டிப்ளோமா முடிந்தபின் எந்த வேலைக்கு அல்லது எந்தப் பட்டப்படிப்புக்குப் போக வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கே கொண்டுசேர்க்கும் படிப்பு எது என்று பார்த்து, அந்தப் படிப்பை ஒழுங்காக நடத்தும் கல்லூரியைக் கடைசியாகத் தேட வேண்டும்.

எந்த வேலைக்கு, எந்தப் பட்டத்துக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதிலிருந்து பினாங்கின் வேலைச் சந்தை மின்னணுத் தொழிற்சாலைகளைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் இங்கேதான் அமைத்தது. இப்போது பத்து காவானும், மாநில எல்லையைத் தாண்டியுள்ள கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் அந்த வளர்ச்சியின் தொடர்ச்சியாக நிற்கின்றன. இத்தகைய இடங்களில் டிப்ளோமா படித்தவருக்குரிய இடம் பெரும்பாலும் டெக்னீஷியன் பதவி. இயந்திரங்களைப் பராமரிப்பது, பழுது வந்தால் காரணம் கண்டறிவது, சில்லுகளைச் சோதிக்கும் கருவிகளை அமைப்பது, உற்பத்தி முறையின் அளவீடுகளைக் கண்காணிப்பது ஆகியவை அவருடைய பொறுப்பில் வரும். இவற்றில் பல வேலைகள் இரவு பகல் மாறிவரும் ஷிப்ட்டில் நடப்பவை. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட்டும் உண்டு. இதைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது. பெண் பிள்ளைகளைப் பொறியியலில் சேர்க்கப் பெற்றோர் தயங்குவதற்கு இரவு வேலையே பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பெரிய தொழிற்சாலைகள் பல ஊழியர்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து தருகின்றன. வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு, ஆவணப்படுத்தல் போன்ற பிரிவுகளில் பகல்நேர வேலைகளும் இருக்கின்றன. தெரியாத ஒன்றுக்கு அஞ்சி ஒரு துறையையே கைவிடுவதைவிட, அங்கே வேலை செய்யும் உறவுக்காரப் பெண் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுவது பயனுள்ளது.

தொழிற்சாலைக்குள் ஆப்பரேட்டர், டெக்னீஷியன், பொறியாளர் என்று மூன்று படிகள் உண்டு. டிப்ளோமா வைத்திருந்தும் ஆப்பரேட்டர் வேலையிலேயே நின்றுவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வாய்ப்பு அமையவில்லை. சிலர் படித்த படிப்பில் கையால் செய்து பழகும் பகுதி போதுமான அளவு இல்லை. ஆகவே கல்லூரியிடம் வேலைவாய்ப்பு விகிதத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டு வெளியேறியவர்கள் எந்தப் பதவிப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். உயர்கல்வி அமைச்சின் பட்டதாரிகள் ஆய்வில் வேலைவாய்ப்பு விகிதத்தைக் கணக்கிடும்போது, வேலையில் இருப்பவர்களோடு மேற்படிப்புக்குச் சென்றவர்களும், திறன் பயிற்சியில் இருப்பவர்களும், வேலையில் சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர்களும் சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கையேட்டில் அச்சிடப்பட்ட தொண்ணூற்றுச் சொச்சம் விழுக்காட்டைப் பார்த்து, அத்தனை பேரும் டெக்னீஷியனாகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

மேற்படிப்பை நோக்கமாகக் கொண்டவர்கள் இன்னொரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாக வேண்டும். பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் ஒன்றல்ல. முன்னது கணிதத்தையும் வடிவமைப்புக் கோட்பாட்டையும் அதிகம் வலியுறுத்துகிறது. பின்னது அறியப்பட்ட தொழில்நுட்பங்களைச் செயல்படுத்துவதையும் மேம்படுத்துவதையும் வலியுறுத்துகிறது. நம் நாட்டில் பொறியியல் பட்டங்களை மலேசியப் பொறியாளர் வாரியத்தின் இ.ஏ.சி. என்ற அங்கீகார மன்றமும், பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்களையும் பொறியியல் டிப்ளோமாக்களையும் அதே வாரியத்தின் இடாக் என்ற இன்னோர் அங்கீகார மன்றமும் மதிப்பிடுகின்றன. அனைத்துலக அளவில் இவற்றுக்கு இணையாக மூன்று உடன்படிக்கைகள் உள்ளன. பொறியியல் பட்டங்களுக்கானது வாஷிங்டன் உடன்படிக்கை. அதில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கான சிட்னி உடன்படிக்கையிலும், டெக்னீஷியன் நிலைக்கான டப்ளின் உடன்படிக்கையிலும் 2018-இல் சேர்ந்தது. இடாக் அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா ஒன்றை முடித்தவர் பிற்காலத்தில் வெளிநாட்டில் டெக்னீஷியனாக வேலை தேடும்போது, தன் தகுதியை விளக்குவது எளிதாக இருக்கும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

ஒருநாள் இஞ்சினியர் ஆக வேண்டும் என்பது குறிக்கோளானால், டிப்ளோமாவுக்குப் பிறகு இ.ஏ.சி. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தில் சேர வழி இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். தொழில்நுட்பப் பட்டத்தை முடித்துவிட்டு அதன்பின் பதிவுபெற்ற பொறியாளராக முயல்வது, இல்லாத கதவைத் தேடிச் சுவரைத் தட்டும் வேலையாகிவிடக்கூடும். மாறாக, களத்தில் நின்று வேலை செய்வதையே விரும்புபவருக்குத் தொழில்நுட்பப் பட்டமே பொருத்தமானது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், அதாவது எம்போட், தொழில்நுட்பவியலாளர்களையும் டெக்னீஷியன்களையும் தனியே பதிவு செய்கிறது. அவர்களுக்கும் தொழில்முறைப் பட்டப்பெயர் உண்டு. இதை இரண்டாந்தரப் பாதை என்று நினைக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது

இந்தப் பகுதியை எவரும் தாண்டிச் செல்லக் கூடாது. மற்ற எல்லாம் விருப்பம், வசதி பற்றியவை. அங்கீகாரம் மட்டும் இருக்கிறது அல்லது இல்லை என்ற வகையைச் சேர்ந்தது.

நம் நாட்டில் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தை உறுதிப்படுத்தும் அமைப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் அனைத்தையும் எம்.கியூ.ஆர். என்ற பொதுப் பதிவேட்டில் வெளியிடுகிறது. இணையத்தில் எவரும் அதை இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயரைத் தேடி, அங்கே நடத்தப்படும் படிப்புகளின் பட்டியலைத் திறந்து, கையேட்டில் உள்ள படிப்பின் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்னணுப் பொறியியல் தொழில்நுட்ப டிப்ளோமா என்று விளம்பரம் செய்துவிட்டு, பதிவேட்டில் வேறு பெயரில் உள்ள படிப்பைக் காட்டினால், அதற்கு விளக்கம் கேட்க வேண்டும்.

படிப்பின் பெயரைப் போலவே இடமும் முக்கியம். ஒரு கல்லூரிக்குக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வளாகங்கள் இருக்கலாம். கோலாலம்பூர் வளாகத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்பு, பினாங்கு வளாகத்திலும் அங்கீகாரம் பெற்றதாகத் தானாகவே ஆகிவிடாது. எந்த வளாகத்தில் உண்மையில் வகுப்பு நடக்கப்போகிறதோ, அந்த வளாகத்தின் பெயரில் பதிவு இருக்க வேண்டும்.

அடுத்தது, அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. புதிதாகத் தொடங்கப்பட்ட படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரமே கிடைக்கும். முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டை எட்டும்போது முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடைபெறும். பதிவேட்டுக் குறியீட்டில் எம்.கியூ.ஏ. என்ற எழுத்துகளை அடுத்துப் பி.ஏ. என்று வந்தால் அது தற்காலிகம்; எஃப்.ஏ. என்று வந்தால் முழுமை. சில பல்கலைக்கழகங்கள் தம் படிப்புகளைத் தாமே அங்கீகரித்துக்கொள்ளும் தகுதி பெற்றவை. அவற்றின் குறியீடு வேறாக இருக்கும். தற்காலிக அங்கீகாரம் உள்ள படிப்பைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நல்ல படிப்பும் ஒருகாலத்தில் அந்த நிலையில்தான் இருந்தது. ஆனால் படிப்பு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், பல அணிகள் வெளியேறியும், இன்னும் தற்காலிகமாகவே இருந்தால் அது ஓர் எச்சரிக்கை.

டிப்ளோமா என்ற ஒரே சொல்லின்கீழ் இரண்டு வகைத் தகுதிகள் வழங்கப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று கல்வித்துறை சார்ந்த டிப்ளோமா. அதற்கு மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி குறைந்தது 90 கிரெடிட் மணிகள் வேண்டும். மற்றொன்று மனிதவள அமைச்சின்கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் டிப்ளோமா; இது எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழ் வரிசையின் நான்காம் நிலை. கைத்திறனை நேரடியாக மதிப்பிடுவதில் திறன் டிப்ளோமா வலுவானது. பல முதலாளிகள் அதை விரும்பியே எடுக்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் போகும்போதுதான் வேறுபாடு தெரியவரும். திறன் டிப்ளோமாவை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே விதமாக ஏற்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்திருக்கிறோமோ, அங்கேயே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது பாதுகாப்பானது.

தனியார் கல்லூரியாக இருந்தால், 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அது பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் விளம்பரத்திலேயே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எண் இல்லாத விளம்பரத்தை வைத்து முடிவெடுப்பது தேவையற்ற துணிச்சல்.

பினாங்கிலும் அண்டையிலும் உள்ள இடங்கள்

குறைந்த செலவில் கல்வித்துறை டிப்ளோமா படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டியது பொலிடெக்னிக் என்னும் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி. பெர்மாத்தாங் பாவில் உள்ள செபராங் பிறை பொலிடெக்னிக்கில் மின் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் பயிற்றுவிக்கப்படுகின்றன. தீவின் மறுபுறத்தில் பாலேக் பூலாவ் பொலிடெக்னிக் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பொலிடெக்னிக். ஒரு பருவத்துக்கான கல்விக் கட்டணம் சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு பருவம் முழுவதும் தொழிலகப் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. விண்ணப்பம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கான யு.பி.யு. இணையத்தளத்தின் வழியாக. விண்ணப்பக் காலம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. அது முடிந்தபின் விழித்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கிடைக்காது என்ற முன்முடிவோடு விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டுப் பின்னர் தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்குவது எனக்கு விளங்காத ஒன்று. பெர்மாத்தாங் பாவிலேயே யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உண்டு. ஆனால் அது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது என்பதால் நம் பட்டியலில் வராது.

மனிதவள அமைச்சின்கீழ் செயல்படும் பயிற்சி நிலையங்கள் நம்மவர்களால் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. புக்கிட் மின்யாக்கில் உள்ள ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜேஎம்டிஐ, இரு நாட்டு அரசுகளின் ஒத்துழைப்பில் உருவானது. மின்னணு, உற்பத்தி, மெக்கட்ரானிக்ஸ் போன்ற துறைகளில் பயிற்சி தருவது. நிபோங் தெபாலில் உள்ள தொழிற்பயிற்சி நிலையம் அவ்வூர்த் தொழிலதிபர் ஆறுமுகம் பிள்ளையின் பெயரில் அறியப்பட்டது. செபராங் பிறைத் தமிழர்களுக்கு அந்தப் பெயரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இத்தகைய நிலையங்களில் சேருமுன், முடிவில் கையில் கிடைப்பது சான்றிதழா, திறன் டிப்ளோமாவா, வேறு டிப்ளோமாவா என்பதை மேலே சொன்ன வேறுபாட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

பொறியியல் தொழில்நுட்பம் என்ற பெயரிலேயே டிப்ளோமாவும் பட்டமும் வழங்கும் நிறுவனங்களில் முக்கியமானது யுனிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் பல்கலைக்கழகம். 2002-இல் உருவான இப்பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கான அரசு அமைப்பாகிய மாராவுக்குச் சொந்தமானது என்றாலும் எல்லா இனத்தவரும் சேரலாம். அதன் மலேசிய ஸ்பானியக் கழகம் கூலிமில் இருப்பதால் பினாங்கு மாணவருக்கு எட்டும் தொலைவுதான். வீட்டை விட்டுச் செல்லத் தயாராக இருப்பவர்கள் கோம்பாக்கில் உள்ள அதன் பிரிட்டிஷ் மலேசியக் கழகத்தையும், சிலாங்கூரில் உள்ள ஜெர்மன் மலேசியக் கழகத்தையும் பார்க்கலாம்.

தீவில் பி.எஸ்.டி.சி. என்ற பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸில் 1989-இலிருந்து இயங்கிவருகிறது. தொழிற்சாலைகளே சேர்ந்து வழிநடத்தும் நிறுவனம் என்பதால், அதன் பயிற்சிக் கருவிகள் தொழிற்சாலையில் உள்ளவற்றுக்கு நெருக்கமாக இருப்பது அதன் பலம். இன்டி, யுஓடபிள்யூ மலேசியா கேடியு போன்ற தனியார் நிறுவனங்களும் பினாங்கில் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களில் படிப்புகள் திறக்கப்படுவதும் மூடப்படுவதும் அடிக்கடி நிகழ்வதால், அண்ணன் படித்த படிப்பு தம்பிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் பதிவேட்டை மறுபடியும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்கே சென்று அசோசியேட் பட்டம் படிக்க விரும்பும் சிலரும் இருக்கிறார்கள். அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் ஏறக்குறைய 60 கிரெடிட் மணிகள் கொண்ட ஈராண்டுப் படிப்பாக இது நடைபெறுகிறது. பொறியியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஏபெட் என்ற அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். வேலைக்கு நேரே செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட பயன்முறை அசோசியேட் பட்டத்தின் கிரெடிட்டுகள் எல்லாம் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறும் என்ற உறுதி இல்லை. இங்கே திரும்பிவந்து அரசு வேலைக்கு முயலும் எண்ணம் இருந்தால், அந்தத் தகுதி ஏற்கப்படுமா என்று புறப்படுவதற்கு முன்பே எம்.கியூ.ஏ.விடம் கேட்டுவிட வேண்டும்.

பட்டறையை நேரில் பார்ப்பது

இரண்டு அல்லது மூன்று கல்லூரிகளாகப் பட்டியல் சுருங்கியபின், ஒவ்வொன்றையும் நேரில் பார்க்க வேண்டும். திறந்த நாள் என்று அறிவிக்கப்படும் நாளில் அல்ல. வகுப்பு நடக்கும் சாதாரண வாரநாளில். திறந்த நாளில் எல்லா இயந்திரங்களும் துடைக்கப்பட்டு, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வாரநாளில்தான் அவற்றில் எத்தனை உண்மையில் ஓடுகின்றன என்பது தெரியும். முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டுச் செல்லலாம். வாரநாளில் பட்டறையைக் காட்ட முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மின்னணுப் பிரிவுக்குப் போனால், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப்பைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இருவர் என்றால் நன்று. ஆறு பேர் என்றால் இருவர் செய்வார்கள், நால்வர் அதைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். மின்சுற்றுப் பலகைகளைப் பற்றவைக்கும் மேசைகளில் தழும்புகளும் ஈயத் துளிகளும் இருப்பது நல்ல அறிகுறி; பளபளப்பாக இருந்தால் அங்கே வேலை நடப்பதில்லை. தானியங்கிக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் பி.எல்.சி., அதாவது இயந்திரங்களை நிரல்வழி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, அதன் பயிற்சிக் கருவிகள் எந்த நிறுவனத்துடையவை என்று கேளுங்கள். சீமென்ஸ், ஓம்ரோன், மிட்சுபிஷி போன்றவை தொழிற்சாலைகளில் புழங்குபவை. எந்த நிறுவனம் என்பதைவிட, மாணவன் தானே நிரலை எழுதி, அதைக் கருவியில் ஏற்றி, மோட்டாரையோ காற்றழுத்த உருளையையோ இயக்கிப் பார்க்க எத்தனை மணிநேரம் கிடைக்கிறது என்பது முக்கியம். கணினியில் பாவனை மட்டும் செய்து பார்த்துவிட்டு வந்தவர், உண்மையான கம்பி தளர்ந்திருக்கும்போது திணறிப்போவார்.

இயந்திரப் பிரிவில் கடைசல் இயந்திரங்களையும், கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களையும் பாருங்கள். பழைய இயந்திரம் என்பதற்காக முகம் சுளிக்க வேண்டாம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட முப்பது ஆண்டு இயந்திரத்தில் கற்றுக்கொள்ளும் அடிப்படை, மாணவர்களைத் தொடவிடாமல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் புதிய இயந்திரத்தில் கிடைக்காது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பராமரிப்புக் குறிப்பேடு இருக்கிறதா, அதில் கடைசியாக எழுதப்பட்ட தேதி எது, பழுது என்று அட்டை தொங்கும் இயந்திரங்கள் எத்தனை, அவசர நிறுத்தப் பொத்தான்கள் மறைக்கப்படாமல் இருக்கின்றனவா, மாணவர்கள் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்கிறார்களா என்பனவற்றைக் கவனித்தாலே அந்தத் துறையின் ஒழுங்கு புரிந்துவிடும்.

விரிவுரையாளர்களைப் பற்றிக் கேட்கும்போது அவர்களுடைய பட்டங்களோடு தொழிலக அனுபவத்தையும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தால் அது பெரிய சொத்து. உண்மையில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருபவர் பல இடங்களில் அவர்தான்.

பிறகு உணவகத்துக்குப் போய், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் யாரிடமாவது பேசுங்கள். பெரும்பாலான வளாகங்களில் தமிழ் மாணவர்கள் சிலராவது இருப்பார்கள். "தம்பி, லேப்ல உங்க கையால என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், பதில் வரும் வேகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். தொழிலகப் பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள், அந்த இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்ததா, மாணவரே அலைந்து தேடினாரா, அங்கே டெக்னீஷியனோடு வேலை செய்தாரா, பொருள் அடுக்கும் வேலைதான் கிடைத்ததா என்றும் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் நன்றாக வேலை செய்தவரை அதே தொழிற்சாலை எடுத்துக்கொள்வது பினாங்கில் சாதாரணம் என்பதால், இந்தச் சில மாதங்களின் மதிப்பு மற்ற எல்லாப் பாடங்களையும்விட அதிகமாகக்கூட ஆகலாம்.

தகுதியும் கணிதமும்

பொறியியல் டிப்ளோமாவில் சேர எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் தொடர்புடைய ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடமும் உட்படக் குறைந்தது மூன்று பாடங்களில் கிரெடிட் தரமும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன. கூடுதல் கணிதம் படிக்காதவரும் சேரலாம். ஆனால் நுண்கணிதம் முதல் ஆண்டிலேயே வந்துவிடும் என்பதால், அப்படிப்பட்டவர் சேரும் கல்லூரியில் கணிதத்துக்கு அடிப்படை வகுப்பு உண்டா என்று கேட்க வேண்டும். டிப்ளோமாவைப் பாதியில் விடுபவர்களைத் தடுக்கி விழச்செய்வது பெரும்பாலும் பட்டறை அல்ல, கணிதம். கிரெடிட் தரம் போதாதவர்கள் சான்றிதழ் நிலையில் தொடங்கி டிப்ளோமாவுக்கு ஏறலாம். சமுதாயக் கல்லூரிகள் அதற்கு ஏற்றவை.

பட்டப்படிப்புக்குப் போக எண்ணுபவர்களுக்கு இன்னொரு குறிப்பு. டிப்ளோமாவில் படித்த பாடங்களின் கிரெடிட் மணிகளைப் பட்டப்படிப்புக்கு மாற்றிக்கொள்ள ஓர் எல்லை உண்டு. மாற்றப்படும் பாடத்தில் குறைந்தது சி தரம் பெற்றிருக்கவும் வேண்டும். பெர்லிஸிலுள்ள யுனிமேப், மலாக்காவிலுள்ள யுடெம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டிப்ளோமா மாணவர்களை ஏற்பவை. அங்கே முன்பு சென்ற மாணவர்களுக்கு எத்தனை பாடங்களுக்கு விலக்கு கிடைத்தது என்று கல்லூரியிடம் கேட்டால், நேர்மையான கல்லூரி பாடப்பெயரோடு பதில் சொல்லும்.

செலவும் தொலைவும்

தனியார் கல்லூரியில் பொறியியல் டிப்ளோமாவின் மொத்தக் கட்டணம் 20,000 ரிங்கிட்டைத் தாண்டுவது வழக்கம். கையேட்டில் பெரிதாக அச்சிடப்படும் தொகை கல்விக் கட்டணம் மட்டுமே. பதிவுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தங்கும் விடுதி, பாதுகாப்புக் காலணி, கருவிப் பெட்டி ஆகியவற்றையும், தோற்ற பாடத்தைத் திரும்பப் படிக்க ஆகும் தொகையையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இலவச மடிக்கணினி என்று சொல்லப்பட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். ஆனால் அதன் விலை கட்டணத்துக்குள்ளேயே எங்காவது இருக்கும்.

பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனைப் பெற, அந்தப் படிப்பு கடனுக்குத் தகுதியானதாக அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும், மாணவர் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கடன் தொகை மாறும் என்பதாலும், தனியார் கட்டணத்தை அது முழுமையாக ஈடுசெய்யாது என்பதாலும், மீதியைக் கையிலிருந்து எப்படிக் கட்டுவது என்ற கணக்கை முதல் நாளே போட வேண்டும். கடன் நிலுவைக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. மலேசிய இந்தியக் காங்கிரஸான ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி.யும் இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்குகிறது. அதற்கான விண்ணப்பத்தைத் தனியே அனுப்ப வேண்டும்.

தொலைவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பட்டர்வொர்த்தில் வீடும் பாயான் லெப்பாஸில் கல்லூரியும் என்றால், தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாலத்தைக் கடந்து எட்டுமணி வகுப்புக்குப் போய்ச் சேர்வது அன்றாடப் போராட்டம். மோட்டார் சைக்கிளில் மழையோடு இரண்டரை ஆண்டு போய்வருவதைவிட, சற்றுச் சுமாரான பெயருள்ள பெருநிலக் கல்லூரியே நல்லது என்று சொல்லத் துணிவேன். புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கொமூட்டர் ரயில் ஒரு வசதி. ஆனால் நிலையத்திலிருந்து கல்லூரி வாசல் வரை எப்படிப் போவது என்பதையும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்

சேர்க்கைக் கடிதம் வந்ததும், அதில் உள்ள படிப்பின் பெயர், பதிவேட்டுக் குறியீடு, வகுப்பு நடைபெறும் வளாகம், படிப்புக் காலம், மொத்தக் கட்டணம் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யு.பி.யு. முடிவு பின்னர் வந்து பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியில் கட்டிய பணத்தில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக வந்த வாக்குறுதிகளை, ஒரு மின்னஞ்சல் எழுதி, நீங்கள் சொன்னது இதுதானே என்று உறுதிப்படுத்தச் சொல்லலாம். அதற்குப் பதில் வராவிட்டால் அந்த வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்றே கட்டினால்தான் கழிவு என்று முகவர் அவசரப்படுத்தினால், ஓரிரவு பொறுத்திருந்து பதிவேட்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டே முடிவெடுங்கள். பணம் செலுத்தும்போது அது கல்லூரியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. ரசீதும் கல்லூரியின் பெயரிலேயே, மாணவரின் அடையாள அட்டை எண்ணோடு, அதே நாளில் வர வேண்டும்.